மூச்சு பத்தாது

அவருக்கு ஒன்றுமே இல்லை அண்ணாச்சி. நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். இப்போது நீலச் சட்டை போட்டுக்கொண்டு, அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாரே, அவர் என் அத்தான். அக்கா வீட்டுக்காரர். பெயர் கிளிட்டஸ். இது எத்தனையாவது ஆஸ்பத்திரி என்று எனக்கே மறந்துவிட்டது. போகிற இடமெல்லாம் நெஞ்சைப் படம் எடுக்கிறார்கள், ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்கிறார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்புகிறார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். உடனே அடுத்த டாக்டர். பை தூக்க நான்.

உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு ஆஸ்துமா என்றீர்கள். அது நிஜ வியாதி. அவர்கள் இழுக்கிற இழுப்பிலேயே தெரிகிறது. அத்தான் இழுக்கிறது அப்படி இல்லை. கவனித்துப் பாருங்கள், யாராவது பக்கத்தில் வந்தால்தான் சத்தம் கூடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றா? நான் செய்த வேலை, எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் டோக்கன் வர நேரம் இருக்கிறது.

என் பெயர் ஜெனிட்டா. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஃபெயிலாகி வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என்னால் உட்கார முடியவில்லை. டீச்சர் ஒரு கணக்கைப் போர்டில் போட்டு முடிப்பதற்குள் எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். ஒருநாள் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா இல்லை. அப்பா மங்களூர்ப் பக்கம் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனவர், போனவர்தான். அக்கா வீட்டில் இருந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வீட்டில் சும்மா இருந்தால் அக்காவுக்கும் எனக்கும் ஆகாது. அதனால் அத்தான் தான் வேலை பார்க்கிற இடத்திலேயே என்னைக் கொண்டுபோய் விட்டார்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்கம் மச்சாது என்று ஒருத்தர் ஷெட் வைத்திருக்கிறார். கடலுக்கு அடியில் போய் வேலை செய்கிற ஆட்கள் அவரிடம் உண்டு. விசைப்படகின் விசிறியில் வலை சுற்றிக்கொள்ளும், நங்கூரம் அறுந்து விழும், தோணி அடியில் சிப்பி ஒட்டிக் கிடக்கும். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி அதையெல்லாம் பார்க்கிறவர்கள். அந்தக் கூட்டத்தில் அத்தான்தான் பெரிய ஆள். அவர் மேலே வரும்போது படகுக்காரர்கள் கைகொடுத்துத் தூக்குவார்கள். மற்றவர்களுக்குக் கைகொடுக்க மாட்டார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை ரெகுலேட்டர். ரெகுலேட்டர் என்றால் வீட்டில் ஃபேனுக்கு இருக்குமே அது இல்லை, கேஸ் சிலிண்டர் மேல் மாட்டுவோமே அதுவும் இல்லை. முதுகில் இருக்கிற சிலிண்டரிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய், ஓஸ், வரும், ஓஸ் முனையில் வாயில் கடித்துக்கொள்கிற ஒரு சாமான் இருக்கும். அது. ஆட்கள் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும், சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்குள்ளே காற்று வருகிற சின்ன மூக்கு ஒன்று இருக்கும் அண்ணாச்சி. அந்த மூக்கை ஒரு ரப்பர் வில்லை அடைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் மூச்சை இழுத்தால் வில்லை விலகும், காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். மூக்கு அந்த வில்லையை எவ்வளவு அழுத்துகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குறைவாக அழுத்தினால் யாரும் இழுக்காமலே காற்று சீறிக்கொண்டு கொட்டும். அதிகமாக அழுத்தினால் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்துத்தான் வாங்க வேண்டும்.

மூக்கைத் திருப்ப ஒரு டூல் இருக்கிறது. ஷெட்டில் அதைச் சாவி என்போம். ஒரு சாண்கூட இருக்காது. ஒரு முனையை வாயில் வைக்கிற பாகத்தோடு முடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற துளையில் ஓஸைப் பூட்ட வேண்டும். வால் முனையில் ஒரு குமிழ். காற்றைத் திறந்துவிட்டு, குமிழை உள்ளே தள்ளித் திருப்பினால் மூக்கு திரும்பும். காற்று ஓடும்போதே திருப்பலாம், அதுதான் அந்தச் சாவியின் விசேஷம். ஒரு சூட்சுமம் உண்டு. திருப்பும்போது ரெகுலேட்டரின் நடுவில் இருக்கிற பட்டனை அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும், அப்போதுதான் வில்லை விலகி நிற்கும். அமுக்க மறந்தால் மூக்கின் விளிம்பு வில்லையை வெட்டிவிடும். எனக்கு முன்னால் இருந்த ஆள் வெட்டி வெட்டியே விரட்டப்பட்டார். நான் இன்றுவரை ஒரு வில்லையை வெட்டியதில்லை. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

அத்தான் அந்தச் சாவியைத் தொடவே மாட்டார். அது உட்கார்ந்து செய்கிற வேலையாம், பொம்பளைப் பிள்ளைகளுக்கு உள்ளதாம். டீ வரும்போதெல்லாம் ஆட்கள் முன்னால் என்னை இஞ்சினியர் என்பார். “எங்க வீட்டு இஞ்சினியர் படிச்ச படிப்புக்கு காலேஜ்ல எடம் பத்தல, அதான் இங்க கொண்டாந்து வச்சிருக்கேன்.” எல்லோரும் சிரிப்பார்கள். தினமும் அதே ஜோக். தினமும் அதே சிரிப்பு.

அதெல்லாம் பரவாயில்லை. எனக்கு இறங்க வேண்டும். வேறு ஆசை கிடையாது. ஷெட்டில் உட்கார்ந்து எச்சில் ரப்பரைக் கழுவ நான் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை. படகோரத்தில் நின்று கீழேயிருந்து வருகிற குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மச்சாதுவிடம் கேட்டேன். கேட்கிறதில் எனக்கு வெட்கமில்லை. கிளிட்டஸ் சொல்லிக் கொடுத்து, கிளிட்டஸ் சரி என்று சொன்னால் இறங்கு என்றார். அத்தானிடம் நச்சரித்துக்கொண்டே இருந்தேன், ஒருநாள் கூட்டிப்போனார்.

அலைதடுப்புக் கல்லுக்கு உள்பக்கம், ஆழமே கிடையாது. இறங்கினேன். நன்றாகத்தான் இருந்தேன். பயமில்லை, காது வலித்தது, மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லியிருந்தார், ஊதினேன், சரியாகிவிட்டது. தரை வந்தது. மண்டியிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, வாயில் ரப்பரை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது, ஆனாலும் சிரித்தேன். அடுத்த மூச்சை இழுக்கிறேன், வரவில்லை. மறுபடி இழுக்கிறேன், ஒன்றுமே இல்லை. சுவரை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. சிலிண்டரின் வால்வு முதுகுக்குப் பின்னால் இருக்கும் அண்ணாச்சி, நம் கை எட்டாது. திரும்பிப் பார்த்தால் அத்தான். கண்ணாடிக்குள் அவர் கண் சிரிக்கிறது. வால்வில் கை இருக்கிறது. மூடியவர் அவர்தான்.

மேலே எப்படி வந்தேன் என்று தெரியாது. சளியும் உப்புத் தண்ணீருமாக வாந்தி எடுத்தேன். அழுதேன் போலிருக்கிறது, அழுதேன் என்றுதான் சொன்னார்கள். அத்தான் நிதானமாக மேலே வந்து, பயம் தெளியட்டும் என்று ஒரு சின்ன விளையாட்டு, அதற்குப் போய் இப்படியா என்றார். மச்சாதுவிடம் சொன்னதுதான் முக்கியம்.

“மூச்சு பத்தாது அண்ணே. பொம்பளப் புள்ளைக்கு நெஞ்சு சின்னதுல்லா. பத்தாது.”

முடிந்தது. மச்சாது தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் மெல்பா அக்காவிடம் நான் கையைக் காலை உதைத்ததை நடித்துக் காட்டினார். அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. என் அக்கா. கூடப் பிறந்தவள்.

சரி, யாருக்குப் பத்தாது என்று பார்ப்போம் என்று நினைத்தேன்.

முதல் தடவை நான் திருப்பியது ஒரு உளுந்து அகலம்கூட இருக்காது. பட்டனை அமுக்கிக்கொண்டுதான் திருப்பினேன், கோபத்திலும் அது மறக்கவில்லை. அன்று அவர் இறங்கி ஏறினார், ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் விட்டு இன்னொரு உளுந்து. மொத்தமாகத் திருப்பினால் உடனே தெரிந்துவிடும், நான் என்ன முட்டாளா. கரையில் நின்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார், அதில் தெரியாது. நின்றுகொண்டு இழுக்க எவ்வளவு காற்று வேண்டும்? கீழே போய் வலையைப் பிடித்து அறுக்கும்போதுதான் நெஞ்சு கேட்கும். அப்போது காற்று கேட்ட அளவுக்கு வராது.

அவருக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். ரெகுலேட்டர் பழசானால் ஒழுகும் அண்ணாச்சி, தானாக இறுகாது. கடலுக்குப் போகிற எல்லோருக்கும் அது தெரியும். கஷ்டமாக இழுத்தால் ரெகுலேட்டரைப் பற்றி நினைக்க மாட்டார்கள், தங்களைப் பற்றித்தான் நினைப்பார்கள். இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம், ஒருத்தர் கடித்த ரப்பரை இன்னொருத்தர் கடிக்க மாட்டார். கடித்தால் இவருடைய மூச்சு அவருக்குப் போய்விடுமாம். ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள், ஒரே டம்ளரில் எல்லோரும் குடிப்பார்கள், ரெகுலேட்டர் மட்டும் ஆளுக்கு ஒன்று. அத்தானுடைய ஓஸில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். அதை அவர் வாயைத் தவிர எந்த வாயும் தொட்டது கிடையாது. அவருக்கு வேறொன்றை இழுத்துப் பார்க்கத் தோன்றாது, வேறொருத்தருக்கும் அவருடையதை இழுத்துப் பார்க்கத் தோன்றாது.

மெதுவாகத்தான் நடந்தது. எனக்குப் பொறுமை கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், இதில் இருந்த பொறுமையை யார் பார்த்தார்கள்? முதலில் தலைவலி என்றார். மேலே வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அப்புறம் காற்று சீக்கிரம் தீர்ந்தது. மற்றவர்கள் கீழே இருக்கும்போதே இவர் மேலே வந்துவிடுவார், வலை சிக்கல் அதிகம் என்று ஒரு பொய். கூட இறங்குகிற ரெக்சன் சும்மா இருப்பாரா?

“என்ன மச்சான், மூச்ச எல்லாம் வீட்டுலயே செலவழிச்சிட்டு வாரியளோ?”

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தான் என்னைப் பார்த்தார், அவ்வளவு பேர் சிரிக்கும்போது என்னை மட்டும். நான் சிரிப்பை நிறுத்தவில்லை.

பீடியை விட்டார். அக்கா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள், நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தேய்த்தாள், கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். வீடு முழுக்கப் பூண்டு நாற்றம். அவர்கள் மகள் ரித்தி, சின்னப் பிள்ளை, ஒரு பலூனைக் கொண்டுவந்து ஊதச் சொன்னாள். ஊதினார். முழுதாக, விறைப்பாக, ஒரே மூச்சில் ஊதினார். முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பலூனை அப்படி ஊதுகிறவருக்கு நெஞ்சில் என்ன கேடு? சொல்லிவிட வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். முகத்திலேயே தெரிகிறது. எதற்கு நிறுத்த வேண்டும்? எனக்கு வால்வை மூடியபோது நிறுத்து என்று யாராவது சொன்னார்களா? அவர் ஒரே திருப்பில் மொத்தமாக மூடினார். நான் மூடவே இல்லை. கொஞ்சம் கஷ்டப்படுத்தினேன், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு விசைப்படகு வேலை. விசிறியில் நைலான் வலை இறுகிக் கிடந்தது. இறங்கிய அத்தான் கொஞ்ச நேரத்தில் தலைதெறிக்க மேலே வந்தார். ரெகுலேட்டரைத் துப்பிவிட்டிருந்தார். மூக்கிலிருந்து ரத்தம். தளத்தில் குப்புற விழுந்து, ரெக்சன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. காத்து வரல, நெஞ்சு அடைக்கு, காத்து வரல, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கால்சட்டை நனைந்திருந்தது, கடல் தண்ணீர் மட்டும் இல்லை. ரெக்சன் காலை உதறிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மச்சாது சிலிண்டரைப் பார்த்தார், பாதிக்கு மேல் இருந்தது. ரெகுலேட்டரைக் கையில் எடுத்து நடுப் பட்டனை அமுக்கினார். புஸ்ஸென்று கொட்டியது. நல்லாத்தானே வருது என்று கீழே வைத்துவிட்டார். பட்டனை அமுக்கினால் எவ்வளவு இறுக்கியிருந்தாலும் கொட்டத்தான் செய்யும் அண்ணாச்சி, வில்லையைக் கையால் விலக்குகிற மாதிரி அது. வாயில் வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கவில்லை. இன்னொருத்தர் கடித்ததாயிற்றே. அவ்வளவு பேர் நின்றார்கள், கடலில் ஊறின ஆட்கள், ஒருத்தர்கூட வைக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். கழுவக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் அவரை இறக்கவில்லை. கிளிட்டஸுக்கு நெஞ்சு போய்விட்டது என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. கைகொடுத்துத் தூக்கினவர்கள் அவர் நடந்துபோனால் வழி விட்டார்கள், நோயாளிக்கு விடுகிற மாதிரி. நான் மச்சாதுவிடம் போனேன். ஆள் குறைகிறதே, நான் இறங்குகிறேன் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“ஒங்க அத்தானே சொல்லிட்டாரே புள்ள, மூச்சு பத்தாதுன்னு. அவரு சொன்னா சரியா இருக்கும்.”

வேம்பாரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து போட்டார். நான் வேம்பார்க்காரர் ரெகுலேட்டரையும் சேர்த்துக் கழுவுகிறேன். அத்தான் கட்டிலில் கிடக்கிறார், ஆனால் அவர் சொன்ன சொல் மட்டும் எழுந்து நடக்கிறது. இதற்கா இவ்வளவு பாடுபட்டேன்?

வீடு அதைவிட மோசம். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் குனிந்து மூச்சு விடுவார். டிவி சத்தம் குறைக்க வேண்டும். ரித்தி ஓடக்கூடாது. அடுப்பில் மிளகாய் வறுக்கக்கூடாது, எல்லாம் சப்பென்று கிடக்கும். அக்கா இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள், விரல் நுனியெல்லாம் ஐஸ் தின்று வெளுத்துப்போய் வருவாள், வந்ததும் அவர் முதுகைத் தடவுவாள். கடைக்குப் போ, மருந்து வாங்கு, தண்ணீர் காயவை, எல்லாம் நான். என்னால் ஒரு இடத்தில் உட்காரவே முடியாது, என்னை அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொல்வாள். பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

போதும் என்றாகிவிட்டது. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எழுந்து வேலைக்குப் போனால்தான் நான் மிளகாய் போட்டுச் சாப்பிட முடியும். ஒருநாள் சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்றேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“அத்தான், ஒங்க நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் ஒங்க ரெகுலேட்டர இறுக்குனேன்.”

தலையணையிலிருந்து முகத்தை எடுத்தார்.

“யாரு?”

“நாந்தான். சாவி வச்சி. கொஞ்சங் கொஞ்சமா.”

சிரித்தார் அண்ணாச்சி. எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார், இருமல்கூட வரவில்லை.

“ஏட்டி மெல்பா, இங்க வந்து கேளு. பதினோராங் கிளாஸ் தாண்டாதவ என்னைய ஏமாத்திட்டாளாம்.” அப்புறம் என்னிடம், “நான் கடலுக்கடியில கெடந்த காலம் ஒன் வயசுக்கு மேல இருக்கும். என் வாயில இருக்கது இறுகுனா எனக்குத் தெரியாதா?”

“தெரியலயே.”

சிரிப்பு நின்றது. அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். நெசமாவா என்று கேட்டாள், நெசம் என்றேன். அறைந்தாள். இறால் நாற்றம் அடித்தது, அந்தக் கை. அறைந்துவிட்டு அதே மூச்சில், “அப்ப சரி பண்ணிக் காட்டு” என்றாள். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த முகம் மாதிரி. புடவையைக்கூட மாற்றாமல் அப்போதே கிளம்பு என்றாள். நான்தான் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஆள் இருக்க மாட்டார்கள், அன்றைக்குப் போவோம் என்றேன்.

பூசை முடிந்து நேரே போனோம். வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தாள், ரித்தியை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், இனி வரமாட்டேன் என்று கம்பெனியில் எப்போது சொல்லலாம் என்று. அத்தான் சுவருக்குச் சுவர் நின்று நின்று வந்தார். சிவப்பு டேப் போட்ட ரெகுலேட்டர் அதே ஆணியில் தொங்கியது, யாரும் தொடவில்லை. நிறைந்த சிலிண்டர் ஒன்றில் மாட்டினேன், சாவியை முடுக்கினேன், காற்றைத் திறந்தேன். முதலில் அப்படியே, நான் இறுக்கினபடியே கொடுத்தேன். இழுத்தார்.

“பாத்தியா, வரல” என்றார் அக்காவிடம்.

வராது, அதைத்தானே சொன்னேன். வாங்கி, பட்டனை அமுக்கி, குமிழைத் தள்ளி, திருப்பினேன். பழையபடி வைத்தேன். அவர் பெரிய ஆளாக இருந்த நாளில் எப்படி இருந்ததோ சரியாக அந்த இடத்தில். அதை என் விரலே சொல்லும். நானே வாயில் வைத்துப் பார்த்தேன், எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. வெண்ணெய் மாதிரி வந்தது. துடைத்துக் கொடுத்தேன்.

இழுத்தார். எடுத்துவிட்டு உதட்டைத் துடைத்தார். “அப்படியேதான் இருக்கு.”

சரி என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். தொட்டாலே வருகிற மாதிரி. அதையும் இழுத்தார், தலையை ஆட்டினார். அக்கா, “நல்லா இழுங்க, நல்லா இழுங்க” என்றாள். இழுக்கவே வேண்டாம் என்றேன் நான், எனக்குக் கோபம். ஒரு முழுச் சுற்று விட்டேன். காற்று தானாகச் சீற ஆரம்பித்தது. யாரும் இழுக்காமலே கொட்டுகிறது. அதை அப்படியே அவர் வாயில் வைத்தேன். கன்னம் இரண்டும் உப்பிப் படபடவென்று அடித்தது. வாயோரத்தில் எச்சில் தெறித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாயிலிருந்து எடுத்தார். அது அவர் கையில் சீறிக்கொண்டே இருந்தது, பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

“வரலட்டி” என்று கத்தினார். “ஒனக்கு எங்க அந்தக் கை இருக்கு? எனக்கு நெஞ்சு போச்சு. வரல.”

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவள் முந்தானை அந்தக் காற்றில் ஆடியது, நெற்றி முடி ஆடியது. நான் அவளைப் பார்த்தேன். இவ்வளவு கொட்டுகிறதே, நீயே சொல் என்கிற மாதிரி. அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்தாள். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி யாரிடமும் அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை, வாயைத் திறக்கவே இல்லை, ஆனாலும் கெஞ்சினார்.

“வரலதாம்ட்டி” என்றாள் அக்கா. “நானும் பாத்தேன். வரல. விடு அவர.”

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை அண்ணாச்சி. காது கேட்கவில்லையா? முந்தானை ஆடியது தெரியவில்லையா? திரும்பி வரும்போது பள்ளிக்கூடம், கம்பெனி, ஒன்றும் பேசவில்லை. ஷெட்டில் நான் வால்வை மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. அவர்களும் மூடவில்லை. சிலிண்டர் முழுக்கச் சீறித் தீர்கிறவரை மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.

மறுநாள் கம்பெனிக்குப் போய்விட்டு வந்து, இந்த ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர் இருக்கிறாராம் என்றாள் அக்கா.

நீங்களாவது சொல்லுங்கள். அவ்வளவு பெரிய ஆள், அவருக்கே தெரியாமல், உளுந்து உளுந்தாக, ஒரு வில்லைகூட வெட்டாமல் செய்திருக்கிறேன். செய்ததை நானே வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன். இன்றுவரை இதை நான்தான் செய்தேன் என்று ஒருத்தர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள், அத்தான் மனசு நோகக்கூடாது என்று ஜெனிட்டா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள், பாவம், சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று. பாசமாம். தெருவில் ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போகிறாள்.

கதவு திறக்கிறது. அவர்தான். நீங்கள் எழுந்திருக்காதீர்கள் அண்ணாச்சி. இடம் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார்.